ஏற்றுமதிக்குச் சான்று, கரைக்கு மௌனம்

1997 ஆகஸ்ட் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவு இறக்குமதியைத் தடை செய்தது. பதப்படுத்தும் ஆலைகளில் சுகாதாரம் போதிய அளவில் இல்லை என்று அதன் ஆய்வாளர்கள் அறிக்கை தந்திருந்தனர். ஏற்றுமதி முதலாளிகள் பதறினர், தில்லியும் பதறியது. ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் முடுக்கிவிடப்பட்டது. ஆலைகள் சீரமைக்கப்பட்டன; கண்காணிப்பு இறுக்கப்பட்டது; அங்கீகாரம் பெற்ற ஆலைகளிலிருந்து சரக்கு மீண்டும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது.

தடை வந்த அடுத்த மாதம், செப்டம்பரில், கேரளத்தின் விழிஞ்ஞம் கடலோரத்தில் பாறைச் சிப்பியைச் சமைத்து உண்டவர்களில் 7 பேர் மாண்டனர். 500க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடலின் நுண்பாசிகளிலிருந்து சிப்பியின் சதைக்குள் சேர்ந்த நச்சு அவர்களைத் தாக்கியிருந்தது.

ஒரே ஆண்டில், அடுத்தடுத்த இரு மாதங்களில் நடந்தவை இவ்விரண்டும். முதலாவது நிகழ்வுக்குப் பிறகு, வெளிநாட்டு நுகர்வோரின் உணவுத் தட்டைக் காக்க நிரந்தரமான நிர்வாக ஏற்பாடு ஒன்று இந்நாட்டில் வேரூன்றியது. இரண்டாவது நிகழ்வுக்குப் பிறகு, கடலில் இறங்கிச் சிப்பி எடுத்துத் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் உழைப்பாளி, "இன்று இந்தக் கரையின் சிப்பியை உண்ணலாமா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஏற்பாடு எதுவும் உருவாகவில்லை. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆய்வுக்கூடங்கள் பெருகிவிட்டன, கருவிகள் வந்துவிட்டன, செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தைப் படம் பிடிக்கின்றன. கரைக்கு வர வேண்டிய பதில் மட்டும் வரவில்லை.

பரிசோதனை முடிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் வர்க்கப் பிரச்சனை ஒன்று அடங்கியிருக்கிறது. அதை நிர்வாகக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத நச்சு

சிப்பி, மட்டி, கல்லுமக்காய் ஆகிய ஈரோட்டு உயிரினங்கள் கடல்நீரை உள்ளிழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளை உண்டு வாழ்பவை. அந்த நுண்பாசிகளில் சில இனங்கள் நச்சைச் சுரக்கின்றன. அவை பெருகும் நாட்களில் நச்சு சிப்பியின் சதையில் சேர்ந்துகொண்டே போகிறது. பெரும்பாலும் சிப்பிக்கு அதனால் கேடில்லை. உண்ணும் மனிதருக்கே கேடு. இவற்றுள் கொடியது சாக்சிடாக்சின் வகை. உண்ட அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகின்றன; விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு பரவுகிறது; நடை தள்ளாடுகிறது; கடுமையாகத் தாக்குண்டவருக்கு மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. இந்த நச்சுக்கு மாற்று மருந்து கிடையாது. உரிய நேரத்தில் செயற்கைச் சுவாசம் கிடைத்தால் உயிர் பிழைக்கலாம். அது கிடைக்காத தொலைவில் வாழ்பவர் பிழைப்பது அரிது.

கெட்டுப்போன மீனை மூக்கு காட்டிக்கொடுக்கும். இந்த நச்சுக்கு மணமில்லை, சுவையில்லை, நிறமில்லை. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. கடல் சிவந்து தெரிந்தால்தான் ஆபத்து என்ற நம்பிக்கையும் பிழையானது. நிறம் மாறாத தெளிந்த நீரிலும் நச்சுப்பாசி இருக்கும், நிறம் மாறிய நீர் சில வேளைகளில் நச்சற்றதாகவும் இருக்கும். காற்றையும் நீரோட்டத்தையும் மேகத்தையும் படித்துத் தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்த மக்களின் அனுபவ அறிவு பெரிது. ஆயினும் இந்த ஓர் இடத்தில் அது கைகொடுப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் சதையைச் சோதித்தால் மட்டுமே நச்சின் அளவு தெரியும். ஒரு கிலோ சிப்பிச் சதையில் 0.8 மில்லிகிராம் என்பது சாக்சிடாக்சினுக்குச் சர்வதேச உணவுத்தர நெறிகள் வகுத்துள்ள வரம்பு. அந்த வரம்பு தாண்டப்பட்டதா என்பதை எந்தச் சமையலறையிலும் கண்டறிய முடியாது.

ஆகவே சிப்பி பொறுக்குவோருக்கு இருக்கக்கூடிய ஒரே பாதுகாப்புக் கருவி தகவல்தான். சுரங்கத் தொழிலாளிக்குத் தலைக்கவசம் எப்படியோ, இவர்களுக்குப் பரிசோதனை முடிவு அப்படி. அதை வழங்காமல் இருப்பது தலைக்கவசம் இல்லாமல் சுரங்கத்துக்குள் அனுப்புவதற்குச் சமம்.

பொறுக்குவோர் யார்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய சேகரிப்பைப் பொழுதுபோக்கு என்ற தலைப்பில் வகைப்படுத்துகிறார்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு கரைக்குப் போய் ஒரு வாளி சிப்பி எடுத்து வருவது அங்கே வழக்கம். இந்தியாவில் விடுமுறைக்காக எடுப்பவர் சிலர். அடுப்புக்காக எடுப்பவர் பலர். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் கறுப்புக் கக்கா வாருகிறார்கள். கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கிறார்கள். கோழிக்கோட்டிலிருந்து காசர்கோடு வரை பாறைகளில் கல்லுமக்காய் பெயர்க்கிறார்கள். கர்நாடகத்தின் முல்கி, அகநாசினி கழிமுகங்களிலும், கோவாவின் ஆற்றுவாய்களிலும், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிச் சிற்றோடைகளிலும், ஆந்திரத்தின் காக்கிநாடா விரிகுடாவிலும் இதே வேலை நடக்கிறது. விழிஞ்ஞத்தின் பழுப்புச் சிப்பி மாநில எல்லையோடு நின்றுவிடுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டப் பாறைகளிலும் அதே இனம்தான் வளர்கிறது, அதே கடல்நீரைத்தான் வடிகட்டுகிறது.

இடுப்பளவு நீரில் நின்று கையாலும் காலாலும் துழாவி மட்டி எடுப்பவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். படகில்லை, வலையில்லை, அதனால் பல இடங்களில் மீனவர் என்ற பட்டியலிலும் பெயரில்லை. ஒரு நாள் எடுத்ததில் ஒரு கூடை வியாபாரிக்குப் போகிறது. ஒரு கிண்ணம் வீட்டுக்குப் போகிறது. மீன் விலை ஏழைக்கு எட்டாத நாட்களில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் புரதம் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கூடையும் கிண்ணமும் ஒரே படுகையிலிருந்து வந்தவை. கூடையின் சரக்கு வெளிநாட்டுக்குப் போவதாயின், வாங்கும் நாடு கேட்கும் சான்று இல்லாமல் அது துறைமுகத்தைத் தாண்ட முடியாது. சோதனையில் நச்சு வரம்பைத் தாண்டினால் சரக்கு நிற்கும். கிண்ணத்தின் கதி என்ன? அதைத் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. படுகையில் நச்சு இருக்கிறது என்ற செய்தி வியாபாரியின் கோப்பிலும் அலுவலகத்தின் பேரேட்டிலும் உறங்குகிறது. மட்டி எடுத்தவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஏற்றுமதித் தரக் கட்டுப்பாடு மற்றும் ஆய்வுச் சட்டம் 1963ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மீன் பொருட்களுக்கான தனி விதிகள் 1995இல் வகுக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளோ இன்னும் துல்லியமானவை: சிப்பி வளரும் பகுதிகள் வகைப்படுத்தப்பட வேண்டும், அறுவடைக் காலத்தில் பொதுவாக வாரந்தோறும் நச்சுச் சோதனை நடக்க வேண்டும், வரம்பு மீறினால் பகுதி மூடப்பட வேண்டும், உற்பத்தியாளருக்கும் சேகரிப்போருக்கும் உடனே அறிவிக்க வேண்டும். தன் குடிமக்களுக்காக ஐரோப்பா இதை வற்புறுத்துகிறது. தன் குடிமக்களுக்காக இந்திய அரசு எதை வற்புறுத்துகிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006இன் 18ஆவது பிரிவு, தன் விதிகள் விவசாயிக்கும் மீனவருக்கும் அவர்களது தொழில் நடவடிக்கைகளுக்கும் பொருந்தாது என்று கூறுகிறது. சிறு உற்பத்தியாளரை ஆய்வாளரின் கெடுபிடியிலிருந்து காக்கும் இந்த விலக்கு தேவையானது. அதை நீக்கக் கோருவது தவறு. ஆனால் மீனவர் மீது கடமையைச் சுமத்தாத சட்டம், மீனவர் உண்ணும் உணவு குறித்து அரசின் மீதும் கடமையைச் சுமத்தவில்லை. விற்கப்படும்போதுதான் உணவு சட்டத்தின் கண்ணில் படுகிறது. கரையிலிருந்து நேராக அடுப்புக்குப் போகும் உணவு அதன் பார்வையில் உணவே இல்லை. பண்டமாக மாறினால் மட்டுமே ஒரு பொருளுக்கு மதிப்பு என்ற முதலாளித்துவ விதி, பொது சுகாதாரச் சட்டத்துக்குள்ளும் இப்படிக் குடியேறியிருக்கிறது.

அறிவியல் வசதி இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பாசிப் பெருக்கம் குறித்த தகவல் சேவையை நடத்துகிறது. வடகிழக்கு அரபிக் கடல், கேரளக் கடலோரம், மன்னார் வளைகுடா, ஒடிசாவின் கோபால்பூர்க் கடலோரம் ஆகிய நான்கையும் பாசிப் பெருக்கம் மிகுந்த பகுதிகளாக அம்மையமே அடையாளம் கண்டுள்ளது. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. 1981இல் தமிழ்நாட்டில் மட்டி உண்டு 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 3 பேர் இறந்ததும், 1983இல் மங்களூர் வட்டாரத்தில் ஒரு சிறுவன் இறந்ததும், விழிஞ்ஞத்தின் 7 மரணங்களும் ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கின்றன. 2004 செப்டம்பரில் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரையிலான கடலோரத்தில் கடலிலிருந்து எழுந்த குமட்டும் நெடியால் 200க்கும் மேற்பட்டோர், குறிப்பாகக் குழந்தைகள், மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில், பல மாதங்களுக்குப் பிறகு, அறிவியலாளர் அறிவியலாளருக்கு எழுதிய பதிவுகள் அவை.

செயற்கைக்கோள் நீரின் நிறத்தைப் பார்க்கும். சிப்பியின் சதையைப் பார்க்காது. சதையைச் சோதிக்கும் கூடம் சோதிக்கும், கரைக்குச் சொல்லாது. கரையில் இருப்பவருக்குப் பசி தெரியும், நச்சு தெரியாது. மூன்று கண்ணிகளையும் இணைக்க வேண்டிய அரசு கைகட்டி நிற்கிறது.

மறுப்போர் சொல்லும் காரணங்கள்

முடிவுகளை வெளியிட்டால் பீதி பரவும், சந்தை விழும், மீனவரே பாதிக்கப்படுவார் என்பது முதல் வாதம். மீனவர் மீதான அக்கறையாக இது வேடம் போட்டு வருகிறது. நடைமுறை இதற்கு நேர்மாறானது. தகவல் இல்லாத இடத்தில்தான் வதந்தி ஆட்சி செய்யும். ஒருவர் நோயுற்றார் என்ற செய்தி பரவினால், எந்தப் படுகை, எந்த நாள் என்று யாருக்கும் தெரியாததால், மாவட்டம் முழுவதும் சிப்பியை ஒதுக்குகிறது. நச்சு இல்லாத படுகையில் எடுத்தவரின் கூடையும் விற்காமல் போகிறது. படுகை வாரியாக, தேதி வாரியாக முடிவு வெளியானால், மூட வேண்டிய ஒரு படுகை மட்டும் சில வாரங்கள் மூடப்படும். மற்றவை நம்பிக்கையோடு இயங்கும். நீரில் நச்சுப்பாசி அடங்கிய பின் பெரும்பாலான சிப்பி இனங்கள் வாரக்கணக்கில் தம்மைத் தாமே தூய்மைப்படுத்திக்கொள்கின்றன. திறக்கும் நாளையும் பரிசோதனையே சொல்லும். மறைத்து வைப்பதால் காக்கப்படுவது ஏற்றுமதி நிறுவனத்தின் பெயர். உழைப்பாளியின் வருமானம் அல்ல.

செலவு அதிகம் என்பது இரண்டாவது வாதம். 2023-24இல் இந்தியக் கடலுணவு ஏற்றுமதியின் மதிப்பு 60,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 20,050 கோடி ரூபாய் என்ற அறிவிப்போடு 2020இல் தொடங்கப்பட்டது. இந்தப் பெருந்தொகைகளைப் பேசும் அரசு, சேகரிப்புப் படுகைகளில் வாரம் ஒரு மாதிரி எடுக்கக் காசில்லை என்று சொல்வதை யார் நம்புவது? மேலும், பொதுப் பணத்தில் கட்டப்பட்ட கூடங்களில் ஏற்கெனவே நடந்து முடிந்த சோதனையின் முடிவைத் தெரிவிப்பதற்கு ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும்.

எண்களும் வேதிப்பெயர்களும் பாமரருக்குப் புரியாது என்பது மூன்றாவது வாதம். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பார்த்தே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மக்கள் அவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கையையும் மீன் திரளும் பகுதிகள் பற்றிய அறிவிப்பையும் ஐதராபாத் மையம் அவர்களுக்காகவே வெளியிடுகிறது. மீன் எங்கே கிடைக்கும் என்பதைப் புரிந்துகொள்பவருக்கு, எங்கே எடுத்த சிப்பியை உண்ணக்கூடாது என்பது மட்டும் புரியாமல் போய்விடுமா? படுகையின் பெயர், தேதி, எடுக்கலாம் அல்லது எடுக்கக்கூடாது என்ற ஒரு சொல். இதைவிட எளிய அறிவிப்பு வேறில்லை.

இத்தகைய நிகழ்வுகள் அரிதாகவே நடக்கின்றன என்பது நான்காவது வாதம். அரிதாக நடப்பதால்தான் அனுபவத்தால் கற்றுக்கொள்ள முடிவதில்லை. கிராமத்து மருத்துவமனையில் உதடு மரத்துப்போய் வாந்தியோடு வருபவருக்கு உணவு ஒவ்வாமை என்று எழுதிவிட்டால், அது எந்தக் கணக்கிலும் சேராது. எண்ணப்படாத ஒன்றை அரிது என்று சொல்வது எளிது. அரபிக் கடல் வெப்பமடைந்து வருவதை அறிவியல் உறுதிப்படுத்தியிருக்கிறது. நகரக் கழிவும் ஆலைக் கழிவும் கழிமுகங்களில் கலந்து பாசிக்கு உரமாகின்றன. கப்பல்கள் தம் நிலைப்பாட்டுக்காகச் சுமந்துவரும் கடல்நீரோடு நச்சுப்பாசியின் உறங்குநிலை வித்துகளும் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகக்கூடும். 7 பேர் மாண்ட அதே விழிஞ்ஞத்தில் இன்று பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் இயங்குகிறது. அங்கே வரும் கப்பலுக்குக் காற்றும் அலையும் ஆழமும் தவறாமல் தெரிவிக்கப்படுகின்றன. அருகிலுள்ள பாறையில் சிப்பி பெயர்ப்பவருக்கு ஒரு வரித் தகவல் தரப்படுவதில்லை.

அயல்நாடுகளின் பாடம்

1927இல் சான் பிரான்சிஸ்கோ அருகே சிப்பி உண்டு 102 பேர் நோயுற்றனர். 6 பேர் இறந்தனர். அதன்பின் தொடங்கிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக, கலிபோர்னியாவில் தனிநபர் கடற்சிப்பி சேகரிப்புக்கு ஆண்டுதோறும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை தடை அறிவிக்கப்படுகிறது. தகவல் பெறத் தொலைபேசி வழியும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் சுகாதாரத் துறை, எந்தக் கரை திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்பதை வரைபடமாகவே அனைவருக்கும் காட்டுகிறது. விற்காமல் தாமே உண்பதற்காக எடுப்போரையும் கணக்கில் கொண்ட ஏற்பாடுகள் இவை.

அதனால் முதலாளித்துவ நாடு தன் ஏழைகளைக் கைவிடுவதில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், விற்பனைக்குப் போகும் சிப்பிக்குத்தான் மாநில அரசின் சோதனை. தலைமுறைகளாகக் கரைச் சிப்பியை உண்டு வாழும் பூர்வகுடி மக்கள், தம் சொந்தப் பொறுப்பில் உண்ணும்படி விடப்பட்டனர். சிட்கா நகரின் பூர்வகுடிச் சமூகம் இறுதியில் தானே ஒரு நச்சு ஆய்வுக்கூடத்தை அமைத்தது. தென்கிழக்கு அலாஸ்காவின் பல சமூகங்களிலிருந்து வரும் மாதிரிகளைச் சோதித்து, முடிவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. விற்பவனுக்குச் சோதனை, உண்பவனுக்கு எச்சரிக்கை வாசகம் என்ற விதி நாடு பார்த்து மாறுவதில்லை. அமைப்பாகத் திரண்ட மக்கள்தான் அதை மாற்றினர்.

கையில் இருக்கும் ஆயுதம்

இந்தியாவில் போராட்டம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவு, மக்கள் கேட்காமலேயே தகவல்களை வெளியிடுவதைப் பொது நிறுவனங்களின் கடமையாக்குகிறது. உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் மிகவும் பயன்தரும் தொடர்பு முறையையும் கருத்தில் கொண்டே தகவல் பரப்பப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு மீனவக் கிராமத்தில் பயன்தரும் தொடர்பு முறை என்ன? இறங்குதளத்தின் பலகை, தேவாலயத்தின், மசூதியின், கோயிலின் ஒலிபெருக்கி, நியாயவிலைக் கடையின் சுவர். கண்ணாடி அறையிலுள்ள கணினியில் ஆங்கிலத்தில் ஏற்றி வைக்கும் அறிக்கை அந்தக் கடமையை நிறைவேற்றாது.

வணிக இரகசியம் என்று அதிகாரிகள் 8ஆவது பிரிவைக் காட்டக்கூடும். பெரும் பொதுநலன் கோருமாயின் அந்த விலக்கு நிற்காது என்று அதே பிரிவு கூறுகிறது. மேலும், வெளியிடக் கேட்பது வியாபாரியின் பெயரையோ விலையையோ அல்ல, கடலின் நிலையை. கடல் எவருடைய வணிக இரகசியமும் ஆக முடியாது. உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7ஆவது பிரிவு சொல்கிறது. காலையில் எடுத்த சிப்பி மாலையில் சட்டிக்குப் போகிறது. அதற்கு 48 மணி நேரமும் தாமதம்தான். எனவே கேட்டுப் பெறும் உரிமை முதல் படி மட்டுமே. கேட்காமலே சொல்லப்படுவது இலக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டு அரசு கைகழுவிக்கொள்ள அனுமதிக்கக் கூடாது. "எடுக்காதே" என்று எழுதிவிட்டு, அன்றைய கூலிக்கு வழி சொல்லாவிட்டால், பட்டினிக்கும் நச்சுக்கும் இடையே தேர்வு செய்யும் சுமை அந்தப் பெண்ணின் தலையில் விழும். நோயுற்றால், எச்சரித்தோமே என்று அவர் மீதே பழியும் விழும். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவருக்கு நிவாரணம் என்ற கொள்கை இந்நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான். படுகை மூடப்படும் நாட்களுக்கும் அதே கொள்கை நீள வேண்டும். அந்த நிவாரணம் போய்ச் சேர வேண்டுமானால், சிப்பியும் மட்டியும் எடுக்கும் பெண்கள் முதலில் மீன்பிடித் தொழிலாளராகப் பதிவு செய்யப்பட வேண்டும். தகவல் உரிமையும் நிவாரண உரிமையும் பிரிக்க முடியாதவை.

இயக்கத்தின் முன் நிற்கும் கடமை

1997இல் விழிஞ்ஞத்தில் 7 பேர் இறந்தபோது கேரளத்தை ஆண்டது இடது ஜனநாயக முன்னணி என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிச் சட்டமும் கடல் ஆராய்ச்சி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் கையில் இருக்கின்றன என்பது உண்மை. அதே வேளையில் கரையோர மீன்வளமும் பொது சுகாதாரமும் மாநிலங்களின் பொறுப்பில் உள்ளன. ஊராட்சிகளின் சுவர்கள் மக்களின் கையில் உள்ளன. விலை, டீசல் மானியம், வீடு, கடலரிப்பு ஆகியவற்றுக்காகத் தொடர்ந்து போராடும் மீனவர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில், படகில்லாத பெண் எடுக்கும் மட்டிக்கு உரிய இடம் கிடைத்ததா என்ற கேள்வி இயக்கத்துக்குள்ளும் எழுப்பப்பட வேண்டும்.

கோரிக்கைகள் தெளிவானவை. பொது ஆய்வுக்கூடங்கள் செய்யும் கடல்நச்சுச் சோதனைகள் அனைத்தின் முடிவுகளும், ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டவை உட்பட, படுகையின் பெயரோடும் தேதியோடும் அன்றே மாநில மொழியில் வெளியிடப்பட வேண்டும். ஏற்றுமதிக்கு உதவாத, மக்கள் மட்டுமே எடுத்து உண்ணும் படுகைகளிலும் சேகரிப்புக் காலத்தில் வாரந்தோறும் மாதிரி எடுக்கப்பட வேண்டும். திறந்த படுகை, மூடிய படுகை என்ற அறிவிப்பு கரையில் பலகையாகவும் கொடியாகவும் நிற்க வேண்டும். மூடிய நாட்களுக்கு நிவாரணம் வேண்டும். கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இந்த நச்சின் அறிகுறிகள் குறித்துப் பயிற்சி வேண்டும். சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு நோயாளியும் பதிவு செய்யப்பட வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வாகனம் வேண்டும்.

இதற்கான வேலையை எங்கிருந்தும் உத்தரவு வரும் வரை ஒத்திவைக்கத் தேவையில்லை. ஒன்றிய அரசின் நிறுவனங்களுக்கான தகவல் உரிமை மனுவின் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. தங்கள் பகுதிப் படுகைகளில் கடைசியாக எப்போது மாதிரி எடுக்கப்பட்டது, என்ன நச்சுகள் சோதிக்கப்பட்டன, முடிவு என்ன, அது யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்ற நான்கு கேள்விகளைக் கடலோரக் கிளைகள் ஒவ்வொன்றும் எழுதி அனுப்பலாம். வரும் பதிலைப் பெரிய எழுத்தில் இறங்குதளத்தின் சுவரில் எழுதலாம். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் அதே சுவரில் எழுதலாம். மாதர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் ஊராட்சி உறுப்பினர்களும் அந்தச் சுவரின் முன் கூடும்போது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிய ஊர்வலம் அங்கிருந்தே புறப்படும்.

ஐரோப்பாவின் ஒரு தடை, மாதக்கணக்கில் இந்திய அரசை அசைத்தது. இந்திய உழைப்பாளிகளின் 7 மரணங்களால் அதை அசைக்க முடியவில்லை. அடுத்த மரணத்துக்கு முன் அதை அசைக்கும் வலிமை, கரையில் திரளும் மக்களிடம் மட்டுமே இருக்கிறது.